தண்ணி நிக்கிற நாள எண்ணுங்க: வடிகால் பாக்குற அதிகாரிகளுக்கு கடைமடையிலேந்து ஒரு மடல்

எங்க பக்கத்து ஆறு, வடிகால், சட்ரஸ் (தண்ணிய அடைக்கவும் தெறக்கவும் இருக்குற பலகைக் கதவு), வெள்ளத்தடுப்பு வேலையெல்லாம் பாக்குற அதிகாரிங்களுக்கும், மழைக்கு அப்புறம் பயிர்ச்சேதம் கணக்கெடுக்க வர்றவங்களுக்கும் வணக்கம்.

நான் காவேரிலேந்து பிரியுற வெண்ணாத்துப் பாசனத்தோட கடைசியில, கடைமடையில, திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல இருக்குற ஒரு ஊருலேந்து எழுதுறேன். வீட்டுலேந்து பாத்தா கடல் தெரியாது, ஆனா ராத்திரி காத்து திரும்புனா சத்தம் கேக்கும், அவ்வளவு கிட்ட. எங்களுக்கு 9 மா சாகுபடி (மூணு மா ஒரு ஏக்கர்), அதுல 4 மா சொந்தம், மிச்சம் கோயில் நெலம் குத்தகை. வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலைக்குப் போயிட்டாரு, வெதப்புலேந்து அறுப்பு வரைக்கும் நானும் என் மாமியாரும்தான் பாக்குறோம். மேட்டூர்ல தெறக்குற தண்ணி எல்லா ஊரையும் பாத்துட்டு கடைசியாதான் எங்ககிட்ட வரும், மழை பேஞ்சா எல்லா ஊரு தண்ணியும் எங்க வழியாதான் கடலுக்குப் போகணும். காய்ச்சல்லயும் நாங்கதான் கடைசி, வெள்ளத்துலயும் நாங்கதான் கடைசி.

2024 கார்த்திகையில நடந்ததத்தான் சொல்ல வந்தேன். நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் வந்துச்சு, அது கரைய தொடறதுக்கு நாலு நாள் முன்னாடியே நம்ம நாகை பக்கம் ரெண்டு நாள் விடாம ஊத்துச்சு, அப்புறம் அது மெதுவா மெதுவா வடக்க போயி நவம்பர் 30ந்தேதி புதுச்சேரிகிட்ட கரை ஏறுச்சு, எல்லா கேமராவும் அங்க போயிடுச்சு, அது நியாயம்தான், விழுப்புரத்துலயும் புதுச்சேரியிலயும் சனங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. நாங்க வரப்ப ஒடச்சு விட்டு எப்புடியோ அந்தத் தண்ணிய வடிச்சோம். வயலு கொஞ்சம் மூச்சு விடுறதுக்குள்ள ரெண்டு வாரத்துல அடுத்தது வந்துடுச்சு, கார்த்திகை தீபத்த ஒட்டி. அது புயலே இல்ல. டிவியில தாழ்வுப் பகுதின்னுதான் சொன்னாங்க. பேரும் இல்ல. பேரு இல்லாததால யாரும் பெருசா எடுத்துக்கல, நாங்களும்தான், பயிறு உளுந்து டப்பாவெல்லாம் பரண்ல ஏத்தி வெச்சதோட சரி.

அன்னைக்கு காலையில மீன் கொண்டு வர்ற அக்கா வரல. மத்தியானம் போன் பண்ணி, வாடை கெளம்பிடுச்சுடி, போட்டு எதுவும் எறங்கல, கரையில கட்டுன ஃபைபர் போட்டெல்லாம் இழுத்து மேல ஏத்திக்கிட்டு இருக்காங்க, மாட்ட பாத்துக்கன்னு சொல்லிச்சு. கடல்காரங்களுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு காத்துக்கு பேரு இருக்கு, எது வந்தா என்ன ஆகும்னு தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிக்கிட்டு வந்துச்சு. காத்து ஒரே சீரா அடிக்கல, சும்மா இருக்கும், திடீர்னு யாரோ கூரைய புடிச்சு உலுக்குற மாதிரி அடிக்கும், திரும்ப அடங்கும். கொட்டாய் மேல போட்டுருந்த தார்ப்பாய் கவுறு அறுந்து பட்டுபட்டுனு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, மாமியார் தூங்கவே இல்ல, ஒக்காந்துக்கிட்டு கஜா மாதிரி வருமா கஜா மாதிரி வருமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

கஜா மாதிரி வரல. கஜா 2018 நவம்பர் 16 விடியக்காலையில வேதாரண்யம் பக்கம் ஏறுனப்ப எங்க வீட்டு ஓடு பூரா பறந்துச்சு, தென்னை ஒண்ணு நிக்கல, வாரக்கணக்குல கரன்ட் இல்ல. மாமியாருக்கு அதுக்கு முன்னாடி 1977 புயலும் ஞாபகம் இருக்கு, தீபாவளி முடிஞ்ச கையோட வந்தது, அத பத்தி பேசுனா இன்னைக்கும் கொரலு மாறும். அதனால காத்த நாங்க சின்ன விஷயமா நெனைக்கல. கஜாவுக்கு முன்னாடி வீடு வீடா வந்து எழுப்பி பள்ளிக்கூடத்துக்கும் பேரிடர் மையத்துக்கும் கூட்டிட்டுப் போனாங்களே, அத நாங்க மறக்க மாட்டோம், அன்னைக்கு வந்த ஆளுங்க கைய புடிச்சு நன்றி சொல்லியிருக்கோம், இப்பவும் சொல்றேன். காத்துக்கு நீங்க கத்துக்கிட்டீங்க. கூண்டு ஏத்துறீங்க, செல்லுக்கு மெசேஜ் வருது, கலர் கலரா அலர்ட் வருது. தண்ணிக்கு இன்னும் கத்துக்கல, அதத்தான் மனசு விட்டு சொல்ல வந்தேன்.

மறுநா விடிஞ்சப்ப மழை சத்தம் கொறஞ்சிருந்துச்சு. வெளிய வந்து பாத்தா வயலு இல்ல. வரப்பு இல்ல, கண்ணாறு இல்ல, ரோடு எங்க முடியுது வாய்க்கால் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல, எல்லாம் ஒரே வெள்ளைத் தண்ணி, அதுல காத்து அடிக்க அடிக்க சின்ன சின்ன அலை. பச்சை நுனி கொஞ்சம் தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான். அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12ல தெறக்கல, ஜூலை 28லதான் தெறந்தாங்க, எங்களுக்கு தண்ணி வந்து சேர்ந்து நாங்க வெதைச்சதே புரட்டாசியில. சாவித்திரி நெல்லு போட்டுருந்தோம், நூத்தி அம்பது அறுபது நாள் பயிரு, தூர் கட்டி முடிச்சு தண்டு உருள ஆரம்பிச்ச நேரம்.

கொல்லையில கெடந்த மூங்கில் குச்சி ஒண்ண எடுத்துக்கிட்டு எறங்குனேன். தொடை வரைக்கும் இருந்துச்சு தண்ணி, சில்லுனு. எங்க வயலு மூலையில மோட்டார் கொட்டாய் பக்கத்துல குச்சிய ஊனி, தண்ணி நின்ன எடத்துல அருவாமனையால ஒரு கோடு போட்டேன். ஏன் போட்டேன்னு அப்ப தெரியல, வடியுதா வடியலையான்னு பாக்கலாம்னுதான். அடுத்த நாள் காலையில போயி பாத்தேன், கோட்டுலேந்து ரெண்டு விரக்கடைதான் எறங்கியிருந்துச்சு. வெயில் வந்துடுச்சு, வானம் நீலமா இருக்கு, டிவியில மழை குறைந்தது இயல்பு நிலை திரும்பியதுன்னு சொல்லிட்டாங்க, பள்ளிக்கூடம் தெறந்துட்டாங்க. மூணாவது நாள் ஒரு விரக்கடை. நாலாவது நாள் சாயங்காலம் பாத்தா திரும்ப ஏறியிருக்கு, மழையே இல்லாம. நான் கோடு மேல கோடு போட்டுக்கிட்டே வந்தேன். மொத்தம் பதினோரு கோடு இருக்கு அந்த குச்சியில.

மழையே இல்லாம எப்புடி ஏறும்னு நீங்க கேக்க மாட்டீங்க, உங்களுக்கு தெரியும். இத படிக்கிற மத்தவங்களுக்கு சொல்றேன். எங்க நெலம் கடலுக்கு சமமா கெடக்குது, சில எடத்துல அதவிட தாழ்வு. ஆத்துத் தண்ணி, வடிகால் தண்ணி எல்லாம் கடல் எறங்குற நேரத்துல மட்டும்தான் வெளிய போகும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கடல் ஏறும், ரெண்டு தடவ எறங்கும், அந்த நேரமும் தினம் முக்கா மணி நேரம் போல தள்ளித் தள்ளிப் போகும். எங்க கரையில ஓதம் ஒண்ணும் பெருசில்ல, முழங்கால் ஒசரம் ஏறி எறங்குனா அதிகம், ஆனா நெலத்துக்கு அந்த முழங்கால் ஒசரம் கூட சரிவு இல்லையே. அமாவாசை பௌர்ணமியில இன்னும் கூட ஏறும், அந்த தடவ மழை வந்ததே தீபத்த ஒட்டி, பௌர்ணமி. அது கூட கரையப் பாத்து காத்து வேற அடிச்சா கடல் தண்ணிய முகத்துவாரத்துலயே புடிச்சு நிறுத்தி வெச்சுக்கும், எறங்க வேண்டிய நேரத்துல கூட எறங்காது. இதுல மேலேந்து மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துத் தண்ணியெல்லாம் ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுதான் எங்ககிட்ட வந்து சேரும். கல்லணையில வெண்ணாத்துக்கு விடுறத கொறைச்சு கொள்ளிடத்துல திருப்பி விடுறீங்க, அது நல்லதுதான், ஆனா ஏற்கெனவே வழியில இருக்குற தண்ணி இருக்கே, அது நாள் கணக்கா வந்துக்கிட்டே இருக்கும். மழைக்கு அப்புறம் அடைச்சா எங்களுக்கு அது ஒதவுறதில்ல. கடல்ல தாழ்வு உருவாகுதுன்னு சொன்ன அன்னைக்கே கொறைக்கணும்.

அதுக்கு மறுநாள் நான் கடைமடை சட்ரஸ் வரைக்கும் நடந்து போனேன். பெரியப்பா ஒருத்தரும் கூட வந்தாரு, அவரு சின்ன வயசுலேந்து அந்த வாய்க்கால்ல மீன் புடிச்சவரு, கடல் எப்ப எறங்கும்னு தண்ணி ஓரத்துல இருக்குற நொரைய பாத்தே சொல்லுவாரு. நாங்க போனப்ப மத்தியானம், கடல் நல்லா எறங்கியிருக்கு, கீழ பக்கம் சேறு தெரியுது, நண்டு ஓடுது. மேல பக்கம் எங்க ஊரு தண்ணி பலகை விளிம்ப தொட்டுக்கிட்டு நிக்குது. நடுவுல பலகை எறங்கிக் கெடக்குது. அஞ்சு மதகுக் கண்ணுல ரெண்டு கண்ணுதான் தூக்கியிருந்துச்சு, அதுவும் பாதி. மிச்ச மூணுக்கும் திருகு கம்பியில துரு ஏறி பழுப்பு பழுப்பா உதிருது, கைப்பிடி கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க, இல்ல திருட்டு போயிருக்கு, தெரியல. கண்ணுல எல்லாம் ஆகாயத்தாமர அடைச்சு மெத்தை மாதிரி, அது மேல ஒரு கொக்கு நின்னுக்கிட்டு இருக்கு, பாரம் தாங்குது. சட்ரஸ தெறந்து மூடுற லஸ்கர்க்கு போன் போட்டோம், பாவம் அவரு ஒரே ஆளு, நாலு எடத்த பாக்கணும், வேற எடத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு, வந்து சேர்றதுக்குள்ள கடல் ஏற ஆரம்பிச்சுடுச்சு. அவர நான் குத்தம் சொல்லல. ஒரு மனுசன் ஒரே நேரத்துல நாலு சட்ரஸ்ல நிக்க முடியாது, ஆனா கடல் நாலு எடத்துலயும் ஒரே நேரத்துலதான் எறங்குது.

அங்கயே நின்னு ராத்திரி வரைக்கும் ஊரு ஆளுங்க பத்து பேரு கைக்கு கெடைச்ச அருவா, கொக்கிக் கம்பு, கவுறு எல்லாம் எடுத்துட்டு வந்து தாமரைய இழுத்தோம். எடுக்க எடுக்க மேலேந்து மெதந்து வந்து திரும்ப அடைக்குது. அந்த செடி ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாவும்னு எல்லாருக்கும் தெரியும், நீங்க சித்திரை வைகாசியில தூர் வாருறீங்க, மேட்டூர் தெறக்குறதுக்கு முன்னாடி, பாசன வாய்க்கால்ல தண்ணி ஓடணும்னு. பொக்லைன் வருது, போர்டு வெக்கிறாங்க, கரை பளிச்சுனு ஆவுது, அத நாங்க பாத்து சந்தோசப்படுறோம். ஆனா வடிகால்ல அன்னைக்கு எடுத்த தாமர ஐப்பசிக்குள்ள திரும்ப முழுசா மூடிடுது. எங்க ஊரு வடிகால பாசன வாய்க்கால் மாதிரி யாரும் பாக்குறதில்ல, என் கல்யாணம் ஆகி வந்து இருவது வருசத்துல அது முழுநீளமா வாரி நான் பாத்தது ரெண்டே தடவ. தண்ணி வர்ற வழிய சுத்தம் பண்றீங்க, போற வழிய அப்புடியே விட்டுடுறீங்க.

புயல் பெருசா சின்னதாங்கறது எங்க வயலுக்கு ஒரு பொருட்டே இல்லைங்கறத நீங்களே பாத்துருக்கீங்க. 2020 டிசம்பர்ல புரெவி வந்துச்சு, வேகமெல்லாம் கொறைஞ்சு ராமநாதபுரம் கரைகிட்ட வந்து நகராம நின்னுச்சு, பலவீனமாயிடுச்சு பலவீனமாயிடுச்சுன்னு செய்தியில சொல்ல சொல்ல டெல்டா பூரா முங்குச்சு, சிதம்பரம் கோயிலுக்குள்ளயே தண்ணி நின்னுச்சு. 2022 நவம்பர்ல சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர், அதுவும் புயல் இல்ல, வெறும் தாழ்வுப் பகுதி. 2021 ஜனவரியில அறுக்குற நேரத்துல பொங்கலோட பொங்கலா மழை, 2023 பிப்ரவரி மொத வாரத்துல இலங்கைய கடந்து போன ஒரு தாழ்வு மண்டலத்தால சாஞ்ச கதிரெல்லாம் வயல்லயே மொளைச்சுது. இதுல எதுவும் காத்து வேகத்துல அளக்குற மாதிரி இல்ல. மணிக்கு 62 கிலோமீட்டர தாண்டுனாதான் புயல்னு பேரு, அது கடல்ல போறவங்களுக்கும் கூரை வீட்டுல இருக்குறவங்களுக்கும் தேவையான கணக்கு. பயிருக்கு வேற கணக்கு வேணும். தண்ணி எத்தன நாள் நின்னுச்சுங்கறதுதான் அந்த கணக்கு.

ஒரு நாள் ரெண்டு நாள் நின்னா பயிரு தாங்கும், நெல்லு தண்ணிச் செடிதான. மூணு நாலு நாள் முழுசா முங்கி இருந்தா அடி எல அழுவும். ஒரு வாரம் தாண்டுனா, நான் எங்க வயல்லேந்து ஒரு தூர புடுங்கிப் பாத்தேன், மேல பச்சையாதான் இருந்துச்சு, தூரத்துலேந்து பாத்தா நல்ல பயிருன்னுதான் சொல்லுவீங்க, ஆனா வேரு கருப்பா, தொட்டா கொழகொழன்னு, அழுகுன முட்டை மாதிரி நாத்தம். தண்ட நகத்தால கீறுனா உள்ள இருக்குற குருத்து வெள்ளையா இல்லாம பழுப்பா இருந்துச்சு. முங்குனாலும் தாங்குற சாவித்திரி சப்-1 ரகம் வந்துருக்கு, அத கண்டுபுடிச்சவங்களுக்கு கும்புடு போடுறேன், ஆனா அதுவும் தூர் கட்டுற பருவத்துல ரெண்டு வாரம் தாங்கும்பாங்களே தவிர கதிர் கட்டுன பின்னாடி முங்குனா அதுவும் நெல்லுதான். அப்புறம் வேளாண்மை ஆளுங்க நல்ல மனசோட ஆலோசனை சொல்றாங்க, ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வெச்சு, 17 கிலோ பொட்டாஷ் சேத்து தெளிக்கணும்னு. நல்ல யோசனை, தெளிச்சவங்களுக்கு பயிரு திரும்பியிருக்கு. ஆனா அந்த நோட்டீஸ்ல மொத வரி என்ன தெரியுமா, வயலில் தேங்கிய நீரை வடித்துவிட்டுன்னு இருக்கும். நான் எங்க வடிக்கிறது? பக்கத்து வயலும் அதே மட்டம், வாய்க்காலும் அதே மட்டம், வடிகாலும் அதே மட்டம்.

கணக்கெடுக்க வந்தாங்க. எங்க ஊருக்கு வந்தப்ப தண்ணி வடிஞ்சு ஒரு வாரத்துக்கு மேல ஆயிடுச்சு. ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு பாத்தாங்க, பயிரு பச்சையா நிக்குது, 33 சதவீதத்துக்கு மேல சேதம் இருந்தாதான் எழுத முடியும்மா, இதுல அவ்வளவு தெரியலையேன்னாங்க. அவங்க கண்ணுக்கு தெரிஞ்சததான சொல்லுவாங்க, வேரு மண்ணுக்குள்ள இருக்கு. நான் குச்சிய எடுத்துட்டு வந்து காட்டுனேன், பதினோரு நாள் தண்ணி நின்னுருக்கு சார்னு. வந்திருந்த தம்பி நல்ல புள்ள, வாங்கி திருப்பித் திருப்பி பாத்துச்சு, கோட்ட விரலால தடவிப் பாத்துச்சு. ஆனா ஃபார்ம்ல அதுக்கு எடம் இல்லக்கான்னு சொல்லிச்சு.

அந்த வார்த்தைதான் எனக்கு ஒறங்க விடாம பண்ணுது. எத்தன சென்டிமீட்டர் பேஞ்சுதுன்னு எழுத எடம் இருக்கு, எத்தன மரம், எத்தன போஸ்டு, எத்தன கூரை, எத்தன ஆடு மாடு எல்லாத்துக்கும் எடம் இருக்கு. தண்ணி எத்தன நாள் நின்னுச்சுன்னு எழுத எடம் இல்ல.

மாசியில அறுத்தோம். மெஷினுக்கு மணிக்கணக்குல காசு, வயலு ஈரம்கறதால செயின் மெஷின்தான் எறங்கும், அதுக்கு வாடகை அதிகம். வழக்கமா மாவுக்கு வர்றதுல பாதி கூட வரல, வந்ததுலயும் தூத்துனா காத்துல பாதி கருக்கா (பதரு) பறக்குது. மாமியார் ஒரு கை அள்ளி ஊதிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம களத்துலயே ஒக்காந்துட்டாங்க. நிவாரணம்னு அப்ப குடுத்ததும் ஹெக்டேருக்கு 17,000 ரூபாதான், ஏக்கருக்கு கணக்கு போட்டா ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் கம்மி, நாங்க ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்கு மேல போட்டுருந்தோம். அதுலயும் 33 சதவீதத்துல எங்க பேரு வரல. இன்சூரன்ஸ் கட்டியிருந்தோம், ஒன்றரை சதவீத பிரீமியம், நவம்பர் 15க்குள்ள ஓடி ஓடி அடங்கல் (எந்த வயல்ல என்ன பயிருன்னு காட்டுற சீட்டு) வாங்கி கட்டுனது, ஆனா அது வருவாய் கிராமம் மொத்தத்துக்கும் சேத்து அறுவடை சோதனை பண்ணி சராசரி எடுக்குறது, மேட்டு வயல்காரங்களுக்கு நல்லா வெளைஞ்சா தாழ்வுல இருக்குற எங்க நட்டம் அதுல கரைஞ்சு போயிடுது. மேட்டுக்காரங்க நல்லா இருக்கட்டும், அது எனக்கு பொறாமை இல்ல. தாழ்வான வயலுக்கு தனியா ஒரு கண்ணு வேணும்னுதான் கேக்குறேன். கோயில் நெலத்துக்கு குத்தகைச் சீட்டு, பட்டா யார் பேருல, அந்த அலைச்சல் தனி, அத இன்னொரு நாளைக்கு எழுதுறேன்.

இப்ப நான் கேக்குறது பெரிய திட்டம் எதுவும் இல்ல. வெண்ணாத்துப் பக்கம் பெரிய திட்டம் ஏற்கெனவே வந்துருக்கு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் எல்லாம் கடன் வாங்கி சீரமைச்சாங்க, கரை ஒசந்துச்சு, புது சட்ரஸ் கட்டுனாங்க, அதுல பலன் இருக்குன்னு ஆத்துக் கரையோரத்து ஊருக்காரங்க சொல்றாங்க. ஆனா பெரிய வடிகாலுக்கு தண்ணி போய் சேர்றது சின்ன வடிகால் வழியாதான. எங்க வயலுக்கும் அடப்பாத்துக்கும் நடுவுல இருக்குற அந்த மூணு கிலோமீட்டர்தான் எங்க உசுரு. அத சித்திரையில ஒரு தடவ வாருனா போதாது, புரட்டாசியில இன்னொரு தடவ, ஐப்பசி மழைக்கு முன்னாடி தாமரைய மட்டுமாவது எடுக்கணும். மண்ணு கூட வேணாம், தாமரைய எடுங்க. எங்க ஊருல நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க நாப்பது பேரு இருக்கோம், எங்கள எறக்குங்க, எங்களுக்கு எந்த எடத்துல அடைக்கும்னு தெரியும்.

சட்ரஸ் பலகைய மழைக்கு முன்னாடி ஊரு ஆளுங்க முன்னாடி ஒரு தடவ தூக்கி எறக்கி காட்டுங்க. கிரீஸ் போடுங்க. கைப்பிடி ஒண்ணு ஊராட்சியில பூட்டி வெச்சு சாவிய ரெண்டு பேருகிட்ட குடுங்க. லஸ்கருக்கு மழைக்காலம் மூணு மாசத்துக்காவது கூட ஆளு போடுங்க, கடல் எப்ப எறங்கும்னு தெரிஞ்ச பெரியப்பா மாதிரி ஆளுங்க ஒவ்வொரு ஊருலயும் இருக்காங்க, தினக்கூலி குடுத்தா ராத்திரி ரெண்டு மணின்னாலும் டார்ச் லைட் எடுத்துட்டு போயி நிப்பாங்க, அவங்க சொந்த வயலுக்காக.

அப்புறம் அந்த குச்சி. ஒவ்வொரு வடிகால்லயும், தாழ்வான வயலு பக்கத்துலயும் ஒரு கல்லு நடுங்க, அடிக்கணக்கு பெயின்ட்ல எழுதி. பெரிய செலவு இல்ல, எல்லைக்கல்லு மாதிரி ஒண்ணு. மழை விட்ட அன்னைலேந்து தினம் காலையில ஒரு ஆளு அத பாத்து நோட்டுல எழுதட்டும், செல்லுல போட்டோ புடிச்சு அனுப்பட்டும். எந்த ஊருல தண்ணி எத்தனாவது நாள் நிக்குதுன்னு உங்களுக்கு ஆபீஸ்லேந்தே தெரியும், எந்த சட்ரஸ்கிட்ட மொதல்ல ஆளையும் பொக்லைனையும் அனுப்பணும்னு தெரியும். பயிர்ச்சேத ஃபார்ம்ல தண்ணி நின்ன நாள்னு ஒரு கட்டம் சேருங்க. நாலு நாள் தாண்டுன வயலுக்கு பச்சையா இருந்தாலும் எறங்கி ஒரு தூர புடுங்கி வேர பாக்கணும்னு எழுதுங்க. டிவியில மழை ஓய்ஞ்சதுன்னு சொன்னதோட வெள்ளக் கட்டுப்பாட்டு ரூம மூடாதீங்க, எங்க கடைசி வயல்ல தண்ணி எறங்குற வரைக்கும் தெறந்து வெய்ங்க.

இத எழுதுறப்ப ஆவணி கடைசி. போன வாரம் வடிகால் வரைக்கும் போயிட்டு வந்தேன், தாமர பாலத்துக்கு மேல பக்கம் முழுசா மூடி நீலப் பூ பூத்துருக்கு, கீழ பக்கம் இன்னும் கொஞ்சம் தண்ணி தெரியுது. மழைக்கு ஒன்றரை மாசம் இருக்கு. குச்சிய நான் வீசல, சாமி மாடத்துக்கு பக்கத்துல சாத்தி வெச்சிருக்கேன். நீங்க வர்றதா இருந்தா தாராளமா வாங்க, குச்சியையும் காட்டுறேன், சட்ரஸுக்கும் கூட்டிட்டுப் போறேன். கடல் எறங்குற நேரமா பாத்து வாங்க, பெரியப்பாகிட்ட கேட்டு முந்துன நாளே போன்ல சொல்லிடுறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருத்தி